அரிப்பா, எரிச்சலா?

"அழுதீங்களாக்கா?"

மூன்று வருடம் முன்பு தினமும் இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்பார்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் கேட்பார். சாம்பிள் செக்‌ஷன் பெண்கள் கேட்பார்கள். சிலர் கேட்கத் தயங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், வீட்டில் ஏதோ பிரச்சினை போல என்று. இன்னும் சிலர் மெட்ராஸ் ஐ என்று பயந்து என் மேஜைப் பக்கமே வர மாட்டார்கள். நான் அழவும் இல்லை, எனக்கு மெட்ராஸ் ஐயும் இல்லை. மாலை நான்கு மணி ஆனால் இரண்டு கண்ணும் சிவந்து, தண்ணீர் தானாகக் கொட்டும். அவ்வளவுதான் எனக்கே தெரிந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், பையரின் ஆர்டரைத் துணியிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. வயது 42. வீடு பல்லடத்தில். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால்: பையர் மெயில், காஸ்டிங் என்ற விலைக் கணக்கு, எக்ஸெல் ஷீட். மீதி நாள் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங், சாயம் போடும் டையிங், கட்டிங் என்று ஓட்டம். நிட்டிங் யூனிட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்தால் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் கண் சிவந்ததும் நான் யோசிக்கவே இல்லை. பஞ்சு அலர்ஜி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சுற்றி இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். சிலர் பார்த்தீனியம் என்றார்கள். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி இடம் முழுக்க அந்தச் செடிதான், மழை பெய்தால் இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அது அலர்ஜியைக் கொண்டுவரும் செடி என்பதும் உண்மைதான்.

வீட்டில் அத்தைக்கு வேறு கணக்கு. "உடம்புல சூடு ஏறிப்போச்சு கண்ணு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி. ராத்திரி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வெச்சுப் படு." வாசலில் நந்தியாவட்டைச் செடி நிற்கிறது. அவரே பறித்துவந்து, நான் படுத்த பிறகு இமை மேல் வைத்துவிடுவார். மூடிய கண்ணுக்கு அந்தக் குளிர்ச்சி நிஜமாகவே சுகமாக இருந்தது. அவர் கை மேல் இருந்த அன்பும் ஒரு மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணுக்குள் எதையும் பிழிந்து விடாமல் இருந்தோமே, அதுதான் நல்லதாகப் போயிற்று. தாய்ப்பால், தேன், சின்ன வெங்காயச் சாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கிருமி போய்க் கருவிழியில் புண்ணாகிவிட்டால் பார்வையே போகலாம்.

ஆனால் நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. அலர்ஜிதானே என்று தினமும் ராத்திரி ஒரு செட்டிரிசின் மாத்திரை. சிவப்பு போக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு சொட்டு மருந்து. அது போட்ட பத்து நிமிடத்தில் கண் பளிச்சென்று வெளுக்கும், மூன்று மணி நேரத்தில் முன்பைவிடச் சிவக்கும். அப்புறம் கூட வேலை செய்கிற ஒருவர், "எங்க வீட்ல இதுதான் போடுவோம்" என்று இன்னொரு பாட்டில் பெயரை எழுதிக் கொடுத்தார். அதையும் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். போட்ட இரண்டாம் நாளே கண் குழந்தைக் கண் மாதிரி ஆகிவிட்டது. எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். திரும்பப் போடுவேன். இப்படியே ஐந்து மாதம்.

என் பெண்ணுக்குக் கண்ணாடி பவர் பார்க்கப் போன இடத்தில்தான் டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டுவிட்டு, மகளை எழுப்பி அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். ஹேண்ட்பேகில் இருந்த பாட்டில்களை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்தேன். நான்கு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். நான்காவது பாட்டிலில் அவர் முகம் மாறியது.

"இதுல டெக்சாமெத்தசோன் இருக்கு. ஸ்டீராய்டு. யார் எழுதிக் குடுத்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. உடனே கண் அழுத்தம் பார்த்தார்கள். சாதாரணமாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 26. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலியே இல்லாமல் ஏறும். அப்படியே விட்டால் பார்வை நரம்பு பழுதாகிக் குளுக்கோமா. போன பார்வை போனதுதான், திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரலாம். டாக்டர் பார்த்து, நாள் எண்ணிக் கொடுக்கும்போது அது நல்ல மருந்துதான், அவரும் அதைச் சொன்னார். நான் போட்டது அப்படியில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மருந்தை நிறுத்தி, ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 17-க்கு இறங்கியிருந்தது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அழுத்தம் பார்த்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் இந்தப் பதிவின் தலைப்பு.

"உங்களுக்கு இருக்கறது அரிப்பா, எரிச்சலா?"

நான் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். கண் என்னவோ செய்கிறது, அவ்வளவுதான். நம் தமிழில் இதற்கு எத்தனை வார்த்தை இருக்கிறது பாருங்கள்: அரிப்பு, நமைச்சல், எரிச்சல், உறுத்தல், காந்தல், கூச்சம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும் வார்த்தை. கசக்கியே தீர வேண்டும் போல, மூக்கோரத்து முனையில் நமநமவென்று இருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. கூடவே தும்மல் வரும், நூல் நூலாகப் பீளை வரும். மண் விழுந்தது போல உறுத்தி, நேரம் போகப் போகக் காந்தி, கண்ணை மூடினால் சுகமாக இருந்தால் அது வறட்சி. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் செய்யலாம். அதனால்தான் குழப்பம்.

"கண்ணுல தண்ணி கொட்டுதே மேடம், வறட்சின்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான் போல, சிரித்துக்கொண்டே டெஸ்ட் எடுத்தார்.

ஒரு சின்னக் காகிதப் பட்டை, 5 மில்லிமீட்டர் அகலம். முனையை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் விட்டார்கள். ஷிர்மர் டெஸ்ட் என்று பெயர், 1903-இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்தது, இன்றும் காகிதப் பட்டைதான். எனக்கு வலதில் 14 மில்லிமீட்டர் நனைந்தது, இடதில் 12. 10-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. அதாவது தண்ணீர் சுரக்கிறது. அடுத்து மஞ்சள் சாயம் தொட்டுவைத்து, நீல விளக்கில் பார்த்தபடி, "இமைக்காம இருங்க" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது விநாடியில் கண்ணீர்ப் படலம் உடைந்துவிட்டது. குறைந்தது 10 விநாடியாவது தாங்க வேண்டுமாம்.

பிறகு பஞ்சுக் குச்சியால் என் கீழ் இமையை மெதுவாக அழுத்தி, அதைப் படம் எடுத்து எனக்குத் திரையில் காட்டினார். இமை விளிம்பில், முடிக்குச் சற்று உள்ளே, வரிசையாகக் குட்டிக் குட்டித் துளைகள். மேல் இமையில் 30 அளவுக்கு, கீழ் இமையில் 20-க்கு மேல். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். 1666-இல் அவற்றை விவரித்து எழுதிய மைபோம் என்பவர் பெயரில் மைபோமியன் சுரப்பி என்கிறார்கள். நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவற்றிலிருந்து துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் பரவி, ஆவியாகாமல் காக்கிறது. அந்த எண்ணெய் நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக வர வேண்டும். என் இமையில் வந்தது டூத்பேஸ்ட் மாதிரி, வெள்ளையாகக் கெட்டியாக. பாதித் துளைகளில் அதுவும் இல்லை.

"மார்கழியில தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு நிக்கும் பாருங்க, அதேதான்" என்றார். எனக்கு அந்த நிமிடம் எல்லாம் புரிந்தது. எண்ணெய் மூடி இல்லாததால் கண்ணீர் நான்கே விநாடியில் காய்கிறது. காய்ந்த இடம் எரிகிறது. எரிந்ததும், ஏதோ தூசு விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. கொட்டிய தண்ணீரும் எண்ணெய் இல்லாததால் நிற்பதில்லை.

நான் தினமும் போட்ட செட்டிரிசின்? அந்த வகை மாத்திரைகள் கண்ணீர்ச் சுரப்பையும் குறைக்கும். அலர்ஜிக்கு என்று எடுத்த மாத்திரை வறட்சியை வளர்த்துக்கொண்டிருந்தது. வாய் வறட்சி உண்டா, மூட்டு வலி உண்டா என்றும் கேட்டு, ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். ஷோக்ரன் என்று ஒரு நோய் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குவது. பெண்களுக்குத்தான் அதிகம் வரும். எனக்கு இல்லை என்று வந்தது.

அப்படியானால் பஞ்சும் பார்த்தீனியமும் காரணமே இல்லையா? அதைக் கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒரு மாதம் எழுதிவைக்கச் சொன்னார். ஷிப்மென்ட் தேதிக்கு ஷீட் போட்டே பழகிய கை, இதற்கும் ஒரு ஷீட் போட்டேன். தேதி, காற்று எப்படி, எங்கே உட்கார்ந்தேன், நிட்டிங் யூனிட் போனேனா, மதியம் அரிப்பு பத்துக்கு எத்தனை, மாலை எரிச்சல் பத்துக்கு எத்தனை. முப்பது நாள் முடிந்து வடிகட்டிப் பார்த்தால், இரண்டும் இரண்டு தனிக் கோடாகப் பிரிந்து நின்றன. நிட்டிங் யூனிட் போனது ஒன்பது நாள், அதில் ஏழு நாள் அரிப்பு. எரிச்சலுக்கும் நிட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை. நாள் முழுக்க ஏசி நேராக முகத்தில் அடிக்கும் என் இருக்கையில் உட்கார்ந்து காஸ்டிங் போட்ட நாட்களில்தான் எரிச்சல் எட்டு, ஒன்பது. எனக்கு இரண்டுமே இருந்தன. ஆனால் பத்தில் ஏழு பங்கு வறட்சி, மூன்று பங்கு அலர்ஜி. நான் இரண்டு வருடமாக மருந்து சாப்பிட்டது அந்த மூன்று பங்குக்கு.

இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். அரிப்புக்குக் குளிர்ச்சி, எரிச்சலுக்குச் சூடு. நிட்டிங் போகும் நாளில் கண்ணை மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், வெளியே வந்ததும் முகம் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியைக் கண்மேல் வைக்கிறேன். அலர்ஜிக்கு மாத்திரை போய், ஓலோபடடின் என்ற சொட்டு மருந்து, அதுவும் டாக்டர் சொன்ன நாட்களில் மட்டும். கசக்குவதை அடியோடு விட்டேன். கசக்கினால் அந்த நேரம் சுகம், ஆனால் அரிப்பைத் தூண்டும் சரக்கு இன்னும் வெளிவந்து அதிகம்தான் ஆகும். வருடக்கணக்கில் அழுத்திக் கசக்கினால் கருவிழியின் வடிவமே கூம்பிப்போகலாம். குழந்தைகள் கசக்கினால் விடாதீர்கள்.

சூடு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி மட்டும் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். உறைந்த எண்ணெய் உருக, மூடிய இமை மேல் 40 டிகிரி அளவு சூடு ஐந்திலிருந்து பத்து நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும். கர்ச்சீப்பைச் சுடுதண்ணீரில் நனைத்து வைத்தேன், ஒரு நிமிடத்தில் ஆறிவிட்டது. துணியே என் தொழில், எனக்கு இது பொறுக்கவில்லை. கட்டிங்கில் மிச்சமான பிட்டுகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி, அந்த மெல்லிய பனியன் துணி, ஆகவே ஆகாது. காலர் டி-ஷர்ட் தைக்கிற பீகே துணி பரவாயில்லை, ஆனால் முகத்தில் படியவில்லை. 240 ஜிஎஸ்எம் இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணி, முழுக்கப் பருத்தி, வெளுக்காத கோரா இல்லை, நன்றாக ஒயிட் வாஷ் ஆனது, அதை நான்காக மடித்தால் மூன்று நிமிடம் சூடு நிற்கிறது. இரண்டு பிட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர். ஒன்று ஆறும்போது மற்றொன்று. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்கு, இமைத் தோல் மெல்லிசு, வெந்துவிடும். பிறகு சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, மெதுவாக நீவிவிட வேண்டும். கடைசியில் இமை முடியின் வேரைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். காலையும் இரவும். முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. நான்காவது வாரம் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குத்தான் கவனித்தேன், அன்று நான் கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். மானிட்டரை ஒரு அட்டைப்பெட்டி மேல் உயர்த்தி வைத்திருந்தேன், கழுத்து வலிக்கிறது என்று. உயரத்தில் இருப்பதைப் பார்த்தால் கண் அகலத் திறக்கும், சீக்கிரம் காயும். பெட்டியை எடுத்துவிட்டேன். ஏசி காற்றைத் திருப்பிவிடச் சொன்னேன், வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பதை நிறுத்தினேன். நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதிலும் பல அரை இமைப்பு. அரை இமைப்பில் எண்ணெய் வராது. மெயில் அனுப்பு பட்டனை அழுத்தும்போதெல்லாம் கண்ணை முழுசாக மூடி இரண்டு எண்ணித் திறப்பேன். ஒரு நாளைக்கு அறுபது மெயில் போகும், அறுபது தடவை ஆயிற்று.

கண்ணீருக்குப் பதிலாகக் கண்ணை நனைக்கும் சொட்டு மருந்தும் உண்டு. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற பொருள் கலந்தது. பாட்டிலில் பென்சால்கோனியம் குளோரைடு என்று ஒரு பதப்படுத்தும் பொருள் போட்டிருந்தால், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் போடும்போது அதுவே கண்ணைப் புண்ணாக்கும். அதனால் அது இல்லாததாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். விலை கூடத்தான். சாதாரண பாட்டிலைத் திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது, திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டேன். 2018-இல் அமெரிக்காவில் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று வந்ததாம். அந்தக் காசு மிச்சம்.

கண் மையை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து மை இல்லாமல் வெளியே போனதில்லை. இமையின் உள்விளிம்பில் இழுக்கும் மை நேராக அந்த எண்ணெய்த் துளைகள் மேல்தான் உட்காருகிறது. டாக்டரம்மா திரையில் காட்டிய படத்தில் இரண்டு துளைக்குள் கறுப்பாகவே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. கல்யாணம், விசேஷம் என்றால் இமைக்கு வெளியே மட்டும் லேசாக.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் என்ன பாடு படுத்தும் என்று பல்லடம், உடுமலைக்காரர்களுக்குத் தெரியும், காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஸ்கூட்டியில் வடக்கே திருப்பூர் போகும்போது காற்று இடப்பக்கம், திரும்பி வரும்போது வலப்பக்கம். என் ஷீட்டில் ஆடி மாதம் காலையில் இடது கண்ணும் மாலையில் வலது கண்ணும் அதிகம் எரிந்ததாக நானே எழுதியிருக்கிறேன், காரணம் பிறகுதான் உறைத்தது. முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் வாங்கினேன். இந்த வருட ஆடியில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மைபோமியன் சுரப்பி ஒரு தடவை அடைபட்டால் பல் துலக்குவது போல வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போய் நான்கு நாள் சூடு வைக்காவிட்டால் ஐந்தாம் நாள் தெரிந்துவிடும். திடீரென்று வலித்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும், அது வறட்சிக் கணக்கில் வராது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் செக்கிங் டேபிளில் ஒரு அக்கா, ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மேஜையில் துணிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து பாட்டில். எடுத்துப் பின்பக்கம் படித்தேன். அதே டெக்சாமெத்தசோன்.

"எத்தனை நாளாப் போடறீங்கக்கா?"

"அது இருக்கும் அம்மிணி ஒரு வருசம். நிறுத்துனா எரியுது."

"அரிக்குதா, எரியுதா?"

கையில் இருந்த பீஸை மேஜையில் வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யாரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. "காலையில ஒண்ணும் இல்லீங்க. மூணு மணிக்கு மேலதான். மண்ணு போட்ட மாதிரி."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவிடம் டோக்கன் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அரை நாள் பர்மிஷனும் கேட்டாயிற்று. அந்தப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் கண் அழுத்தம் பார்க்க வேண்டும்.